மேசைக்காலில் கட்டிய ஒயர்

என் அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, என் தையல் மிஷின் மூவரும் நலம். அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன், சளி கிளி பிடித்திருந்தால் முதலில் எழுந்து போய் வெந்நீர் வைத்துக் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி. நீ கடலுக்கு நடுவில் கரண்டு எடுக்கும் காற்றாடி ரிப்பேருக்குப் போயிருக்கிறாய், அங்கே சிக்னல் கிடையாது என்று நீயே சொன்னாய், அதனால் அறைக்குத் திரும்பும்போது இது கதவுக்கு அடியில் கிடக்கும். சிக்னல் இருந்தாலும் நான் காகிதத்தில்தான் எழுதியிருப்பேன். இது போனில் சொல்ல முடியாத சேதி, ஏன் முடியாது என்பது போகப்போகத் தெரியும். கிளம்பும் முன் கடைசியாகப் பேசியபோது ஒன்று கேட்டாயே, "அப்பாவுக்கு எம்மேல இன்னும் கோபமாம்மா?" என்று, அதற்கான பதில்தான் இது. அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

இங்கே ஆண்டு முடிவு விடுமுறை அமர்க்களப்படுகிறது. பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து பிள்ளைகள் நம் மாடிப்படியில் ஏறி இறங்குவதையே பிழைப்பாக வைத்திருக்கிறார்கள். எனக்குத் தையல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. விடுமுறையென்றால் ஜனங்களுக்கு உட்கார்ந்து தின்பதுதானே வேலை, போன மாதம் இடுப்பைப் பிடித்துத் தரச் சொன்ன அதே பேண்ட்டை இந்த மாதம் கூச்சமே இல்லாமல் தையலைப் பிரித்து விடச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள், கேட்டால் துணி சுருங்கிவிட்டதாம். அப்பாவின் அக்கா, உன் அத்தை, விடுமுறைக்கென்று வந்து தங்கினார். காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்தால் படுக்கப் போகும்வரை பேச்சு. நான் மிஷின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டேன். அப்பா மட்டும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து "ஆமாக்கா, சரிதாங்க்கா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். தம்பி மாதிரி பொறுமைசாலி உலகத்தில் உண்டா என்று அத்தைக்குப் பூரிப்பு. அது பொறுமை இல்லை. இனி உனக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அப்பாவுக்குக் காது கேட்பதில்லை. முழுதாகப் போய்விடவில்லை, பயப்படாதே. எதிரில் நின்று முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் உரக்கச் சொன்னால் பிடித்துக்கொள்வார். அத்தனை வருடம் துணி ஆலையில் தறிகளுக்கு நடுவே எலக்ட்ரீஷியனாக நின்றாரே, அது காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. காது மூடி கொடுத்தார்களாம், இவர் அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். நான்தான் பிடித்து இழுக்காத குறையாகக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரண்டு காதுக்கும் கருவி கொடுத்தார்கள். ஒரே ஒரு நாள் போட்டார். ஸ்பூன் விழுந்தால் இடி விழுகிற மாதிரி இருக்கிறது, நான் பேசினால் தகரத்தில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று டாக்டர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. உனக்கு மட்டும் தெரியவே கூடாது என்று என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார். நானும் இவருடைய வீண் ஜம்பம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் நம் வீட்டுக்கு நேர் கீழே இருக்கும் பேக்கரிக்காரருக்கு ஒரு யோசனை உதித்தது. விடுமுறை முடியும்வரை சாயங்காலமானால் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கச்சேரி. ரிக்கார்டு போடுவதில்லை, மனிதர்களே நேரில் பாடி வாசிப்பது. யார் அந்த மனிதர்கள் என்று கேள். தெரு முனைப் பல் டாக்டர் வயலின். பகலெல்லாம் நம்மை வாயைத் திறக்கச் சொல்பவர் சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். டிரம்ஸ் அடிப்பவர் பள்ளி வேன் டிரைவர், பிள்ளைகள்மேல் வருடம் முழுக்க அடக்கிவைத்த கோபத்தையெல்லாம் அதன்மேல் இறக்குகிறார். பாடுவது யார் தெரியுமா, சலவைக்கடைத் தங்கச்சி. துணி வாங்கும்போதும் கொடுக்கும்போதும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதே, அவள்தான். முதல் நாள் மைக் முன்னால் வந்து நின்று முந்தானையைத் திருகியதைப் பார்த்து ஐயோ பாவம் என்று நினைத்தேன். வாயைத் திறந்தாள் பார், கேக் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு குரலை வைத்துக்கொண்டா இந்தப் பெண் நம் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள்!

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சவுண்டு போர்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒயர், பிளக், சுவிட்ச் என்று எது வந்தாலும் இந்தத் தெருவுக்கு உன் அப்பாதானே ஞாபகம் வருவார். யோசிக்காமல் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவரும் யோசிக்காமல் ஒத்துக்கொண்டார். காது கேட்காதவர் கையில் ஒரு தெருவின் சத்தம் முழுவதையும் ஒப்படைத்த கூத்தை வேறு எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, வாசல் பக்கம் ஒரு குட்டி மேசை, அதன்மேல் வரிசையாகத் திருகுகள் வைத்த பெட்டி. சலவைக்கடைத் தங்கச்சி பாட ஆரம்பித்ததும் இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திருகைக் கூட்டினார். அப்போதும் போதவில்லை போலிருக்கிறது, இன்னும் கூட்டினார். கண்ணாடி அலமாரிக்குள் பிஸ்கட் தட்டுகள் நடுங்கின. ஒரு கைக்குழந்தை வீரிட்டது, அந்த வீரிடலும் யாருக்கும் கேட்கவில்லை. இவர் மட்டும் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து தாளம் போட்டார். மறுநாள் நான் மெத்தைக்கு அடைக்கும் பஞ்சை உருண்டை உருண்டையாக உருட்டி மடியில் கட்டிக்கொண்டு போய் மேசைக்கு அடி வழியாக ஒவ்வொருவர் கையிலும் திணித்தேன். எல்லோரும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். ஒருவருக்கும் அவரை எழுந்திருக்கச் சொல்ல மனசு வரவில்லை. நீ ஊரை விட்டுப் போன பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நானே பார்த்ததில்லை, நான் எப்படிச் சொல்வேன்?

அதற்கடுத்த நாள் அதிசயம் நடந்தது. சத்தம் அளவாக, பதமாக வந்தது. தங்கச்சியின் குரல் தனியாக, வயலின் தனியாக, கேட்கக் கேட்கத் தேனாக இருந்தது. "அண்ணே, இன்னிக்கு அசத்திட்டீங்க" என்று ஆளாளுக்கு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குச் சந்தேகம். ஒரே ராத்திரியில் காது முளைக்குமா? பஞ்சு உருண்டை ஒன்று உருண்டுபோய் அப்பாவின் மேசைக்கு அடியில் நின்றது, எடுக்கக் குனிந்தேன். அவருடைய பெட்டியிலிருந்து கீழே இறங்கிய ஒயர் எங்கேயும் போகவில்லை. மேசைக்காலைச் சுற்றி அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தால் மைக்கிலிருந்து வரும் தடி ஒயர் சுவரோரமாகவே ஓடி ரொட்டித் தட்டு அடுக்குக்குப் பின்னால் போகிறது. அங்கே பேக்கரிக்காரர் மாவுக்கையோடு குந்திக்கொண்டு இன்னொரு சின்னப் பெட்டியைத் திருகிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது, இரண்டும் போய்க் கடைசியில் கோபம்தான் நின்றது. என் வீட்டுக்காரரைப் பொம்மைப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்து வேடிக்கை பார்க்கிறார்களா என்று பல் டாக்டரைச் சமையல்கட்டு வாசலில் மடக்கினேன். அவர் வயலினை மார்போடு அணைத்துக்கொண்டு, "அக்கா, திட்டுறதுன்னா திட்டிக்குங்க. அவர எந்திரிங்கன்னு சொல்ல எங்க நாலு பேருக்கும் வாய் வரல. அவரு அங்க உக்காந்திருந்தாத்தான் எங்களுக்கே வாசிக்கத் தெம்பா இருக்கு" என்றார். அதற்கு மேல் என்ன திட்டுவது? அடுத்த தடவை தைக்கக் கொண்டுவரும் கோட்டைக் கை நுழையாதபடி தைத்துத் தருகிறேன் என்று மட்டும் மிரட்டிவிட்டு வந்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. முப்பது வருடம் ஒயரோடு குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு இது தெரியவந்தால் மனசு ஒடிந்துபோவார், அதற்குப் பிறகு தெருவில் தலை காட்டமாட்டார் என்று பயம். தினமும் நான் போய் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, முடிச்சு அவர் கண்ணில் படாமல் புடவையால் மறைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டேன். கால் மரத்துப்போகும், அசையமாட்டேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உன் போன் வந்தது. விடுமுறைக்கு வர முடியவில்லை, வேலை மாட்டிக்கொண்டது என்று என்னிடம் சொல்லிவிட்டு, அப்பாவிடம் கொடும்மா, நானே சொல்கிறேன் என்றாய். கொடுத்தேன். நீ என்ன சொன்னாயோ, எவ்வளவு தயங்கித் தயங்கிச் சொன்னாயோ, இவர் வழக்கம்போல "சரிம்மா, ரொம்ப சந்தோஷம்மா, உடம்பப் பாத்துக்க" என்று போனை என்னிடம் தள்ளிவிட்டார். மறுபடி நான் காதில் வைத்தபோது உன் குரலே மாறிவிட்டது. நான் வரலேங்கிறதுல அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷமா என்றாய். பக்கத்திலேயே வேலை பார்த்துக் கொடுத்தாரே, அதை விட்டுவிட்டு வந்தேனே, அந்தக் கோபம் இன்னும் போகலையா என்றாய். நான் ஏதோ மழுப்பினேன், நீயும் வைத்துவிட்டாய்.

அடி அசடே, அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. போனில் வரும் குரல் அவருக்குக் கொசு பாடுவது மாதிரி. போனில் யார் என்ன சொன்னாலும் அவர் வைத்திருப்பது அந்த மூன்று பதில்கள்தான், சரி, சந்தோஷம், உடம்பைப் பார்த்துக்கொள். போன மாதம் கேஸ்காரர் சிலிண்டர் வர இரண்டு நாள் தாமதமாகும் என்று சொன்னதற்கும் ரொம்ப சந்தோஷம் என்றுதான் சொன்னார். உன் வரையிலும் இப்படியே ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். நீ அதை வருடக்கணக்காகக் கோபம் என்று நினைத்துத் தனியாக வைத்து மருகிக்கொண்டிருந்திருக்கிறாய். இது தெரிந்ததும் எனக்கு வந்ததே ஆத்திரம், கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரில் போய் நின்று, முகத்துக்கு நேராக, அக்கம்பக்கமெல்லாம் கேட்கும்படி சொன்னேன். "பொண்ணு லீவுக்கு வரலேன்னு சொல்லிச்சு, நீங்க ரொம்ப சந்தோஷம்னு சொன்னீங்க. அப்பாவுக்கு எம்மேல கோபமான்னு கேட்டு அழுவுது." அத்தை கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். அப்பா கையிலிருந்த டம்ளரை வைக்க இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் கச்சேரிக்குக் கிளம்பவில்லை. கீழே பாட்டு நடந்தது, முன்னால் உட்கார்ந்து முடிச்சை மறைக்க வேண்டிய வேலை எனக்கும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, வா போகலாம் என்றார். பேக்கரி வெளிச்சத்தில் பார்க்கிறேன், இரண்டு காதிலும் கருவி! மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். தங்கச்சி ஒரு பாட்டுப் பாடி முடிக்கும்வரை தலையைக் குனிந்தபடியே கேட்டார். திருகில் கை வைக்கவே இல்லை. நாற்காலி இழுக்கிற சத்தத்துக்கும் தட்டு மோதுகிற சத்தத்துக்கும் அவர் தோள் துள்ளித் துள்ளி விழுந்தது, ஆனால் கழற்றவில்லை. பாட்டு முடிந்ததும் எழுந்தார். என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னார். வேறு வழியில்லாமல் புடவையை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். குனிந்து மேசைக்காலில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். அந்த ஒயரை, ஆலையில் செய்வது போலவே, உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றிச் சுருட்டினார். நேராக ரொட்டி அடுக்குக்குப் பின்னால் போய் அதைப் பேக்கரிக்காரர் கையில் கொடுத்துவிட்டு, தடி ஒயருக்காகக் கையை நீட்டினார். திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி பேக்கரிக்காரர் அதை எடுத்துக் கொடுத்தார். டிரைவர் குச்சிகளைத் தூக்கியபடியே உறைந்திருந்தார். பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார், இந்தத் தடவை வாசிப்பதற்காக இல்லை. அப்பா வந்து தன் பெட்டியில் ஒயரைச் சொருகினார், ஒரு திருகைக் கொஞ்சம் குறைத்தார், ஒன்றைத் தொட்டதே தெரியாமல் தொட்டார், "ம், பாடும்மா" என்றார்.

அன்றைக்குக் கேட்ட பாட்டை நீ கேட்டிருக்க வேண்டும். எனக்கு இசை ஞானமெல்லாம் கிடையாது, பேக்கரிக்காரரும் குறை வைக்காமல்தான் திருகினார். ஆனால் அன்று தங்கச்சி மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. அவள் இரண்டாவது பாட்டில் ஏறக்குறைய முணுமுணுக்கிற மாதிரி ஓர் இடம் வரும், அது அங்கே இருந்தது என்பதே எங்களில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. ஜனங்கள் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கிப் போட்டார்கள், பழக்கதோஷத்தில் இன்னும் வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், நான் பார்க்காத மாதிரி கேக் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு மாடிப்படி ஏறும்போது மெதுவாகக் கேட்டேன், உங்களுக்கு எப்போது தெரியும் என்று. ஒயரை மேசைக்காலில் கட்டிய அன்றைக்கே தெரியுமாம்! "பாட்டு வந்தா பெட்டியில பச்ச லைட்டு துள்ளணும். அது செத்துப்போய்க் கிடந்துச்சு. நான் எலக்ட்ரீஷியன்மா, ஒயரு எங்க போவுதுன்னு பாக்காம உக்காருவனா?" என்றார். பின்னே ஏன் அத்தனை நாள் வெட்டியாகத் திருகினீர்கள் என்றேன். "நான் வருத்தப்படக் கூடாதுன்னு அவங்க இவ்ளோ மெனக்கெட்டிருக்காங்க. எந்திரிச்சா அவங்க வருத்தப்படுவாங்கல்ல" என்றார். அங்கே நான் கால் மரத்துப்போய் உட்கார்ந்து முடிச்சை மறைத்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த அமுக்குணியை என்ன செய்யலாம் சொல்.

அப்புறம்தான் உன் விஷயம் வந்தது. படியில் நின்றுவிட்டார். காது போச்சு என்று தெரிந்தால் அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பக்கத்தில் ஆள் வேண்டும் என்று நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாயாம், கடலுக்கு நடுவில் காற்றாடிமேல் ஏறி நிற்கிற பெண்ணைத் தன் காதைக் காட்டிக் கீழே இறக்கக் கூடாதாம், அதற்குத்தான் மறைத்தாராம். "கோவமா? அவ காத்தாடி மேல ஏறி நிக்கிற போட்டோவ நான் காட்டாத ஆளு இந்தத் தெருவுல யாரு இருக்கா?" என்றார். உண்மைதான், பேக்கரிக்காரருக்கு மட்டும் நான்கு தடவை காட்டியிருக்கிறார். இதைக் கேட்டு நான் அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை, படியிலேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன். மேலேயிருந்து அத்தை என்ன சத்தம் என்று கேட்டார். அப்பா முதல் தடவையாக அவருக்குச் சரியான பதில் சொன்னார். அத்தைக்குத் தூக்கிவாரிப்போட்டது. தான் பேசுவதெல்லாம் தம்பிக்கு இனி கேட்கும் என்று தெரிந்த பிறகு அவருக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை, நேற்றுக் கிளம்பிவிட்டார்.

ஆகவே நீ வரவேண்டாம். வேலையை விட்டுவிட்டு வந்தாயோ அப்பாவுடைய அத்தனை நடிப்பும் பாழ். உனக்கு எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போது வா, பேக்கரிக்காரர் நீ வருகிற அன்றைக்குத் தனிக் கச்சேரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். நீ இருக்கும் ஊரிலும் ரயிலடி வாசலில் நாலு பேர் நின்று வாசிக்கிறார்கள், நான் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தாண்டிப் போய்விடுவேன் என்று ஒரு தடவை சொன்னாய். இங்கே ஒருவர் காதில் மாட்டமாட்டேன் என்று அடம்பிடித்தார், அங்கே நீ கழற்றமாட்டேன் என்கிறாய், அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய். ஒரு நாளாவது கழற்றிவிட்டு அங்கே நின்று கேள். ஆனால் வேலையில் இயந்திரம் ஓடும்போது காது மூடியைக் காதில் போடு, பையில் போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு தூங்காதே.

கரைக்கு வந்ததும் போன் பண்ணு, எடுக்கப்போவது அவர்தான், நான் போனைத் தொடக் கூடாது என்று இப்போதே உத்தரவு. கத்தாதே, சாதாரணமாகப் பேசு. விடுமுறைக்கு வரவில்லை என்று அன்றைக்குச் சொன்னாயே, அதை மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து அவரிடம் சொல். இந்தத் தடவை அவர் வேறு பதில் வைத்திருக்கிறார். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அதைத் தினமும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார், எனக்குக் கேட்டுவிட்டது. நான் சொல்லமாட்டேன், நீ அவர் வாயாலேயே கேட்டுக்கொள்.

நீ எந்த உயரத்தில் ஏறி நின்றாலும் கால் வழுக்காமல், மனசு கலங்காமல், சிரித்த முகத்தோடு நீடூழி இருக்க அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். போனில் சொன்னால் இப்போது அவர் காதில் விழுந்துவிடும் என்றுதான் காகிதத்தை எடுத்தேன், இதற்கு மேல் அதிலும் எழுத முடியாது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தவர் திரும்பாமலே கேட்கிறார், "பேனா ஓடுற சத்தம் கேக்குதே, பொண்ணுக்கா எழுதுற?"

என்றும் உன்
அம்மா